போத், ஐதர், நைதர்: இரண்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு பேர், இரண்டு பொருள், இரண்டு வாய்ப்பு என்று வரும்போது ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை எங்கே போடுவது என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க. எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் சட்டென்று புரியும்.

'டூ' என்ற எண் இருக்கிறதே, அது போதாதா? தனியாக இத்தனை சொற்கள் எதற்கு?

எண்ணிச் சொல்ல 'டூ' போதும். ஆனால் அந்த இரண்டை என்ன செய்கிறோம் என்று சொல்ல அது போதாது. இரண்டும் சேர்ந்தா, இரண்டில் ஏதோ ஒன்றா, இரண்டுமே இல்லையா? இந்த மூன்றுக்கும் ஆங்கிலம் மூன்று தனிச் சொல் வைத்திருக்கிறது. இரண்டும் என்றால் போத், இரண்டில் ஒன்று என்றால் ஐதர், இரண்டுமில்லை என்றால் நைதர்.

தமிழில் இந்த வேலையை 'உம்' பார்த்துக்கொள்கிறது. இரண்டும், இருவரும், ஒன்றும், எதுவும் என்று எண்ணோடும் கேள்விச் சொல்லோடும் ஒட்டிக்கொண்டு பொருளை மாற்றும். 'இல்லை' என்பதோ வாக்கியத்தின் கடைசியில், வினையோடு வரும். அதனால் தமிழில் 'இரண்டு பேரும்...' என்று ஆரம்பித்துவிட்டு, வந்தார்களா வரவில்லையா என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. முதல் சொல்லிலேயே உண்டா இல்லையா என்று முடிவெடுத்தாக வேண்டும். நாம் செய்யும் பிழைகளில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

'போத் ஆஃப் தெம் டிட் நாட் கம்' என்று சொன்னால் என்ன தவறு?

'அவர்கள் இரண்டு பேரும் வரவில்லை' என்பதை அப்படியே மாற்றிப் போட்டால் இந்த வாக்கியம்தான் வரும். இலக்கணப்படி இதை முழுத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்பவருக்குக் குழப்பம். இருவருமே வரவில்லையா, அல்லது இருவரும் சேர்ந்து வரவில்லையா, அதாவது ஒருவர் மட்டும் வந்தாரா? இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலம் பேசிப் பழகியவர் இந்த இடத்தில் போத்தைத் தொடவே மாட்டார். 'நைதர் ஆஃப் தெம் கேம்' என்பார். கவனியுங்கள், 'டிட் நாட்' காணாமல் போய்விட்டது. நைதருக்குள்ளேயே 'இல்லை' இருக்கிறது. அதனால் வினை சாதாரணமாக, உடன்பாடாக நிற்க வேண்டும். 'நைதர் ஆஃப் தெம் டிட் நாட் கம்' என்றால் இரண்டு 'இல்லை' ஆகிவிடும்.

எழுவாய் இடத்தில் இல்லாமல் வினைக்குப் பிறகு வந்தால் வேறு வழியும் உண்டு. 'நான் இரண்டு புத்தகத்தையும் படிக்கவில்லை' என்பதற்கு 'ஐ ரெட் நைதர் புக்' என்று சொல்லலாம். ஆனால் பேச்சில் அது கொஞ்சம் விறைப்பாக இருக்கும். 'ஐ டிட் நாட் ரீட் ஐதர் புக்' என்பதுதான் இயல்பு. 'நாட்' முன்னால் வந்து, ஐதர் பின்னால் வந்தால் இரண்டும் சேர்ந்து நைதருக்குச் சமம்.

இந்த வரிசை முக்கியம். 'ஐதர் ஆஃப் தெம் டிட் நாட் கம்' என்று ஐதரை முதலில் போட்டு 'நாட்'டைப் பிறகு போட்டால் 'இருவரும் வரவில்லை' என்ற பொருள் கிடைக்காது. தமிழில் 'இல்லை' கடைசியில் நிற்பதால் இந்தத் தப்பு நம் வாயில் மிக எளிதாக வரும். 'இல்லை' என்று முடியும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லப் போகிறீர்கள் என்றால், வாயைத் திறக்கும் முன்பே நைதரைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, உண்மையிலேயே ஒருவர் வந்து ஒருவர் வரவில்லை என்றால்?

நேராகச் சொல்லிவிடுங்கள்: 'ஒன்லி ஒன் ஆஃப் தெம் கேம்'. புத்தகக் கணக்கில் 'ஐ டிட் நாட் ரீட் போத் புக்ஸ்' என்றால் 'இரண்டையும் படிக்கவில்லை, ஒன்றைத்தான் படித்தேன்' என்றுதான் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். கூடவே 'ஐ ரெட் ஒன்லி ஒன்' என்று சேர்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

'மை போத் ஹேண்ட்ஸ்' சரியா? போத்துக்குப் பின்னால் 'ஆஃப்' எப்போது வரும்?

'மை போத் ஹேண்ட்ஸ்' தவறு. 'என் இரண்டு கைகளும்' என்ற வரிசையை அப்படியே கொண்டுவந்ததால் வரும் பிழை. ஆங்கிலத்தில் போத் எல்லாருக்கும் முன்னால் நிற்கும்: 'போத் மை ஹேண்ட்ஸ்'. 'தி' வந்தாலும் அப்படித்தான். 'தி போத் புக்ஸ்' கிடையாது. 'போத் தி புக்ஸ்' அல்லது வெறும் 'போத் புக்ஸ்'.

'ஆஃப்' விஷயத்தில் ஒரே ஒரு கண்டிப்புதான். பின்னால் அஸ், யூ, தெம் மாதிரியான சொல் வந்தால் 'ஆஃப்' கட்டாயம். 'போத் ஆஃப் அஸ்', 'போத் ஆஃப் தெம்' என்றே வர வேண்டும். 'போத் அஸ்' என்பது இல்லை. திருப்பிப் போட்டால் 'ஆஃப்' வேண்டாம்: 'வி போத்', 'தே போத்'. இரண்டையும் கலந்து 'வி போத் ஆஃப் அஸ்' என்று சொல்வதுண்டு, அதை விட்டுவிடலாம். 'போத் மை பேரண்ட்ஸ்', 'போத் ஆஃப் மை பேரண்ட்ஸ்' இரண்டும் சரி. எது வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

'இருவருடைய பெயரும்' என்பதற்கு 'போத்ஸ் நேம்ஸ்' என்று எழுதுகிறார்கள். போத்தோடு அந்த 'எஸ்' ஒட்டாது. 'போத் தேர் நேம்ஸ்' அல்லது 'தி நேம்ஸ் ஆஃப் போத்' என்று எழுதலாம்.

இன்னொன்று. 'போத்' என்று ஆரம்பித்தால் நடுவில் 'அண்ட்'தான் வர வேண்டும். 'போத் ரவி அஸ் வெல் அஸ் மாலா' என்று எழுதுவது செய்தித்தாள்களில்கூடக் கண்ணில் படுகிறது. 'போத் ரவி அண்ட் மாலா' என்றால் போதும்.

'போத் ஆர் சேம்' என்று எல்லாரும் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். 'இரண்டும் ஒன்றுதான்' என்பதன் நேர் வடிவம் அது. அதில் இரண்டு சிக்கல். ஒன்று சின்னது: சேமுக்கு முன்னால் 'தி' வேண்டும். மற்றது கொஞ்சம் ஆழமானது. போத் என்ற சொல் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது. 'போத் ஆர் டால்' என்றால் இவரும் உயரம், அவரும் உயரம். ஒவ்வொருவரையும் தனியே நிறுத்திச் சரிபார்க்கலாம். 'ஒன்றுபோல் இருப்பது' அப்படியில்லை; தனியாக நிற்கும் ஒரு பொருள் எதைப் போல் இருக்கும்? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்தப் பேச்சே வரும். அந்த இடத்தில் போத் பொருந்தாமல் உறுத்துகிறது. 'தே ஆர் தி சேம்' அல்லது 'தி டூ ஆர் தி சேம்' என்பதுதான் நன்றாக ஒலிக்கும்.

'சந்தித்தார்கள்' என்பதும் இப்படித்தான். 'போத் மெட்' என்று சொல்லாமல் 'தி டூ மெட்' அல்லது 'தே மெட்' என்று சொல்ல வேண்டும். 'இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?' என்று கேட்கும்போது 'வாட் இஸ் தி டிஃபரன்ஸ் பிட்வீன் போத்?' என்று வரும். அதுவும் இதே தப்புதான். வித்தியாசம் என்பது இரண்டுக்கும் இடையில் இருப்பது, ஒவ்வொன்றுக்குள்ளும் இருப்பதில்லை. 'பிட்வீன் தி டூ' என்று மாற்றுங்கள். போத் உறுத்தும் இடங்களில் 'தி டூ' போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வாக்கியத்தில் போத் எங்கே நிற்கும்?

எழுவாய்க்கு முன்னால் நிற்கலாம் என்று பார்த்தோம். நடுவில் நின்றால், தனி வினைக்கு முன்னால் நிற்கும்: 'தே போத் நோ'. 'ஆர்', 'வேர்' போன்ற சொல் இருந்தால் அதற்குப் பின்னால்: 'தே ஆர் போத் டீச்சர்ஸ்'. துணைவினை இருந்தால் அதற்கும் வினைக்கும் நடுவில்: 'வி ஹேவ் போத் சீன் இட்'.

ஐதர் என்றால் 'இரண்டில் ஒன்று' என்கிறீர்கள். ஆனால் 'சாலையின் இரண்டு பக்கமும் மரங்கள்' என்பதற்கும் ஐதர் வருகிறதே?

ஆமாம், 'தேர் வேர் ட்ரீஸ் ஆன் ஐதர் சைட் ஆஃப் தி ரோட்' என்றால் இரண்டு பக்கமும்தான். 'சைட்', 'எண்ட்' மாதிரி ஒரு சில சொற்களோடு மட்டும் ஐதருக்கு இந்தப் பொருள் வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மரம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் முரண்பாடாகத் தோன்றாது. ஆனால் 'யூ கேன் பார்க் ஆன் ஐதர் சைட்' என்றால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, உங்கள் விருப்பம். ஒரே வண்டியை இரண்டு பக்கமும் நிறுத்த முடியாது என்பதால் பொருள் தானாகத் தெளிவாகிறது. சந்தேகம் வரும் இடத்தில், குறிப்பாக வழிமுறைகளை எழுதும்போது, 'போத் சைட்ஸ்' அல்லது 'ஒன் சைட்' என்று உடைத்துச் சொல்வது நல்லது.

சனியா, ஞாயிறா என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல இந்த மூன்று சொல்லும் தனித்தனியாகவே போதும். எதுவானாலும் சரி என்றால் 'ஐதர் இஸ் ஃபைன்'. இரண்டு நாளும் வேண்டும் என்றால் 'போத்'. இரண்டும் ஒத்துவராது என்றால் 'நைதர்'. இந்த இடத்தில் 'எனிதிங்' என்று பதில் சொன்னால், கேட்டவர் கொடுத்த இரண்டையும் விட்டு வெளியே போய்விட்ட மாதிரி இருக்கும்.

போத், ஐதர், நைதர் - இவற்றோடு ஒருமை வினையா, பன்மை வினையா?

போத் எப்போதும் பன்மை. அதில் பேச்சே இல்லை.

ஐதரும் நைதரும் ஒருமை. 'நைதர் ஆஃப் தெம் இஸ் ரெடி', 'ஐதர் ஆஃப் தீஸ் இஸ் ஃபைன்'. 'ஆஃப்' போட்டால் பின்னால் வரும் பெயர் பன்மையில் இருக்கும் ('ஐதர் ஆஃப் தி ரூம்ஸ்'), 'ஆஃப்' இல்லாவிட்டால் ஒருமையில் ('ஐதர் ரூம்'). பேச்சில் 'நைதர் ஆஃப் தெம் ஆர் ரெடி' என்று ஆங்கிலேயர்களே தாராளமாகச் சொல்கிறார்கள். பேச்சில் அதைத் தவறு என்று திருத்தப் போக வேண்டாம். தேர்வு, விண்ணப்பம், அலுவலகக் கடிதம் என்றால் ஒருமையிலேயே எழுதுங்கள்.

'ஐதர்... ஆர்', 'நைதர்... நார்' வரும்போது வினை யாரைப் பின்பற்றும்?

வினைக்கு அருகில் இருப்பவரை. 'நைதர் ரவி நார் ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ் ஆர் ஹியர்' என்பதில் பக்கத்தில் நிற்பது ஃப்ரெண்ட்ஸ், அதனால் 'ஆர்'. திருப்பிப் போட்டு 'நைதர் ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ் நார் ரவி இஸ் ஹியர்' என்றாலும் விதிப்படி சரி, ஆனால் காதுக்கு இடறும். ஒருமையும் பன்மையும் கலந்து வந்தால் பன்மையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். 'ஐதர் யூ ஆர் ஐ ஆம் ராங்' என்பதும் விதிப்படி சரிதான். எனக்கு அது பிடிப்பதில்லை. 'ஒன் ஆஃப் அஸ் இஸ் ராங்' என்று சொல்லிவிட்டுப் போகலாமே.

ஐதரோடு 'ஆர்', நைதரோடு 'நார்'. மாற்றிக் கட்டாதீர்கள். அப்புறம், இரண்டு பக்கமும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும். 'ஐதர் இன் தி மார்னிங் ஆர் ஈவினிங்' என்று எழுதினால் ஒரு பக்கம் 'இன்' இருக்கிறது, மறுபக்கம் இல்லை. 'ஐதர் இன் தி மார்னிங் ஆர் இன் தி ஈவினிங்' அல்லது 'இன் ஐதர் தி மார்னிங் ஆர் தி ஈவினிங்' என்று சமன் செய்யுங்கள்.

'எனக்கும் தெரியாது' என்பதை எப்படிச் சொல்வது? 'ஐ ஆல்ஸோ டோன்ட் நோ' சரிதானே?

புரியும், ஆனால் இயல்பாக இருக்காது. இங்கேயும் தமிழின் 'உம்'தான் காரணம். 'எனக்கும் தெரியும்', 'எனக்கும் தெரியாது' இரண்டிலும் ஒரே 'உம்' வருகிறது. ஆங்கிலம் இதைப் பிரித்து வைத்திருக்கிறது. உண்டு என்றால் 'ஐ நோ, டூ', இல்லை என்றால் 'ஐ டோன்ட் நோ, ஐதர்'. இங்கே ஐதருக்கு 'இரண்டில் ஒன்று' என்ற பொருள் இல்லை, வெறும் 'உம்' வேலைதான்.

ஒருவர் 'ஐ டோன்ட் லைக் இட்' என்கிறார். உங்களுக்கும் பிடிக்கவில்லை. 'மீ டூ' என்று சொல்லாதீர்கள். 'மீ நைதர்' என்று சொல்லுங்கள், அல்லது கொஞ்சம் மரியாதையாக 'நைதர் டூ ஐ'. நைதர் முன்னால் வந்தால் வரிசை கேள்வி மாதிரி திரும்பும் என்பதைக் கவனியுங்கள். 'நைதர் ஐ டூ' ஆகாது. அவர் 'ஐ கான்ட்' என்றால் நீங்கள் 'நைதர் கேன் ஐ'. 'ஐ வாஸ் நாட்' என்றால் 'நைதர் வாஸ் ஐ'.

ஐதரா, ஈதரா? நைதரா, நீதரா?

இரண்டும் சரி. பிரிட்டனில் 'ஐ' ஒலி அதிகம், அமெரிக்காவில் 'ஈ' ஒலி அதிகம். ஆனால் இரு நாட்டிலும் இரண்டையும் கேட்கலாம். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே பேச்சில் ஐதர் என்றும் நீதர் என்றும் மாற்றி மாற்றிச் சொல்லாமல் இருந்தால் போதும்.

மூன்று பேர் வந்துவிட்டால்?

மூன்றாவது ஆள் நுழைந்த உடனே சொற்கள் எல்லாம் மாறும். போத் இருந்த இடத்தில் 'ஆல்', ஐதர் இருந்த இடத்தில் 'எனி', நைதர் இருந்த இடத்தில் 'நன்'. மூன்று நண்பர்களும் வரவில்லை என்றால் 'நன் ஆஃப் தெம் கேம்'. 'நைதர் ஆஃப் தி த்ரீ' என்று எழுதினால் படிப்பவர் யார் அந்த மூன்றாவது என்று திரும்பிப் பார்ப்பார்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 'ஐதர் ஏ ஆர் பி ஆர் சி', 'நைதர் ஏ நார் பி நார் சி' என்று தொடராக வந்தால் மூன்றைச் சேர்க்கலாம். கண்டிப்பானவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் நல்ல எழுத்தாளர்கள் நூற்றாண்டுகளாக இப்படி எழுதி வருகிறார்கள்.

'அனதர்', 'தி அதர்' - எதை எங்கே போடுவது?

இரண்டே பொருள் இருந்தால் ஒன்றைச் சொன்ன பிறகு மிச்சம் ஒன்றுதான். அது எது என்று தெரிந்துவிட்டதால் 'தி' வரும்: 'ஐ ஹேவ் டூ பென்ஸ். ஒன் இஸ் ப்ளூ, தி அதர் இஸ் பிளாக்'. இங்கே 'அனதர் இஸ் பிளாக்' என்றால், இன்னும் பேனாக்கள் இருக்கின்றன என்ற எண்ணம் வரும். மூன்று இருந்தால் 'ஒன்', 'அனதர்', 'தி தேர்ட்' என்று போகலாம்.

'டூ ஆஃப் அஸ்', 'தி டூ ஆஃப் அஸ்' - 'தி' இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

நிறைய வித்தியாசம். 'தி டூ ஆஃப் அஸ் வென்ட்' என்றால் நாங்கள் மொத்தமே இரண்டு பேர், இருவரும் போனோம். 'டூ ஆஃப் அஸ் வென்ட்' என்றால் எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் போனோம், மற்றவர்கள் போகவில்லை.

இதே கணக்கில்தான் 'மை டூ பிரதர்ஸ்' என்றால் எனக்கு இருப்பதே இரண்டு சகோதரர்கள். 'டூ ஆஃப் மை பிரதர்ஸ்' என்றால் இன்னும் இருக்கிறார்கள். 'தேர் ஆர் டூ ஆஃப் அஸ்' மட்டும் வேறு. 'எத்தனை பேர்?' என்று கேட்கும்போது 'நாங்கள் இரண்டு பேர்' என்று மொத்தத்தைச் சொல்வது அது.

'ஈச் அதர்' இருவருக்கு, 'ஒன் அனதர்' இருவருக்கு மேல். உண்மையா?

பள்ளியில் சொல்லித் தந்த விதி. நடைமுறையில் யாரும் அதைக் கண்டிப்பாகப் பின்பற்றுவதில்லை. ஆங்கில வழக்குகளைப் பற்றி 1926ல் அகராதி எழுதிய ஹென்றி ஃபௌலரே இந்தப் பாகுபாடு தேவையற்றது, பழைய வழக்கிலும் அதற்கு ஆதாரமில்லை என்று ஒதுக்கிவிட்டார். இருவரும் 'ஒன் அனதர்' பார்த்துக்கொள்ளலாம், பத்துப் பேரும் 'ஈச் அதர்' பேசிக்கொள்ளலாம். தேர்வுத்தாளில் கேட்டால் மட்டும் பழைய விதிப்படி எழுதி மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. 'ஒருவர் வீட்டுக்கு ஒருவர்' என்பதற்கு 'ஈச் அதர்ஸ் ஹவுசஸ்' என்று எழுதும்போது மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) 'எஸ்'ஸுக்கு முன்னால்தான் வரும், பின்னால் இல்லை.

'பிட்வீன்' இரண்டுக்கு, 'அமங்' பலவற்றுக்கு. இதாவது உறுதியா?

பாதி. அமங் இரண்டுக்கு வராது, அது உறுதி. ஆனால் பிட்வீன் இரண்டோடு நிற்பதில்லை. ஆரம்ப காலத்திலிருந்தே அது இரண்டுக்கு மேற்பட்டவற்றுக்கும் வழங்கி வந்திருக்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி சொல்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிக்க முடிந்தால் எத்தனை இருந்தாலும் பிட்வீன்: மூன்று நாடுகளுக்கு இடையே ஒப்பந்தம் என்றால் 'அன் அக்ரிமென்ட் பிட்வீன் த்ரீ கண்ட்ரீஸ்'. கும்பலாக, திரளாகப் பார்த்தால் அமங்: 'அமங் தி க்ரவுட்'.

பிட்வீனோடு நாம் செய்யும் உண்மையான பிழை இதுவல்ல. 'பிட்வீன் 5 டூ 10' என்று எழுதுவதுதான். பிட்வீன் வந்தால் 'அண்ட்': 'பிட்வீன் 5 அண்ட் 10'. 'டூ' வேண்டுமென்றால் 'ஃப்ரம் 5 டூ 10'. இன்னொன்று, 'பிட்வீன் யூ அண்ட் ஐ'. மரியாதையாகத் தோன்றும், ஆனால் 'பிட்வீன் யூ அண்ட் மீ'தான் சரி.

'தி ஃபார்மர்', 'தி லாட்டர்' பயன்படுத்தலாமா?

இரண்டைச் சொல்லிவிட்டு, முதலில் சொன்னது ஃபார்மர், பின்னால் சொன்னது லாட்டர். மூன்று இருந்தால் கூடாது. விதி இவ்வளவுதான்.

பயன்படுத்தலாமா என்றால், கூடியவரை வேண்டாம் என்பேன். படிப்பவர் கண்ணைத் திருப்பி மேலே கொண்டுபோய், எது முதலில் வந்தது என்று தேடிவிட்டு வர வேண்டியிருக்கிறது. பெயரை இன்னொரு முறை எழுதுவதில் எந்த இழுக்கும் இல்லை. லாட்டரை எழுதும்போது ஒரு 'டி'யை விட்டுவிட்டால் 'பிறகு' என்ற பொருள் தரும் வேறு சொல்லாகிவிடும் என்பது கூடுதல் தொல்லை.

இருவரில் உயரமானவர் - 'டாலர்' ஆ, 'டாலஸ்ட்' ஆ?

இருவருக்குள் ஒப்பிட்டால் 'தி டாலர் ஆஃப் தி டூ'. 'தி' இல்லாமல் இருக்காது. மூவரிலிருந்து 'தி டாலஸ்ட்'. பேச்சில் இரண்டுக்கும் 'பெஸ்ட்' என்று சொல்லிவிடுவதுண்டு. இரண்டு அணிகள் மோதும் ஆட்டத்துக்கு முன் சொல்லும் 'மே தி பெஸ்ட் டீம் வின்' அப்படி நிலைத்துவிட்டது.

உடன்பிறந்தவர் இருவரில் மூத்தவரை 'தி எல்டர் ஆஃப் தி டூ' எனலாம். ஆனால் 'எல்டர் தேன் மீ' கிடையாது, 'ஓல்டர் தேன் மீ'தான்.

கத்தரிக்கோல் ஒன்றுதானே, ஏன் பன்மை?

இரண்டு அலகு சேர்ந்தது என்பதால். சிஸர்ஸ், ட்ரவுசர்ஸ், கிளாசஸ் எல்லாம் இரண்டு பாதி சேர்ந்த பொருள்கள்; பன்மையிலேயே இருக்கும், வினையும் பன்மை: 'தி சிஸர்ஸ் ஆர் ஆன் தி டேபிள்'. எண்ண வேண்டும் என்றால் 'ஏ பேர் ஆஃப் சிஸர்ஸ்', 'டூ பேர்ஸ் ஆஃப் சிஸர்ஸ்'. 'பேர்' முன்னால் வந்தால் வினை அதைப் பின்பற்றி ஒருமையாகும். 'ஏ சிஸர்' என்று கேட்காதீர்கள்.

'ஏ கப்பிள் ஆஃப் டேஸ்' என்றால் சரியாக இரண்டு நாளா?

சரியாக இரண்டு என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். 'இரண்டொரு நாள்' என்பதுபோலத்தான். மூன்றாகலாம். ஆனால் கணவன் மனைவியைக் குறிக்கும் 'கப்பிள்' கண்டிப்பாக இருவர்தான். அதற்கு ஒருமை வினையும் வரும், பன்மை வினையும் வரும். ஒரே பத்தியில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

இரண்டு கையிலும் பை இருந்தால் 'எவ்ரி ஹேண்ட்' எனலாமா?

கூடாது. எவ்ரி மூன்றில் தொடங்கும். இரண்டுக்கு ஈச்: 'ஏ பேக் இன் ஈச் ஹேண்ட்'.

ஆங்கிலத்தில் எப்போதாவது இருமை எண் இருந்ததா?

இருந்தது. தமிழ் இலக்கணம் ஒருமை, பன்மை என்று இரண்டோடு நின்றுவிடுகிறது. சமஸ்கிருதத்திலும் அரபியிலும் இருவருக்கென்றே மூன்றாவதாக ஓர் எண் உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'நாம் இருவர்' என்பதற்கு 'விட்' என்றும், 'நீங்கள் இருவர்' என்பதற்கு 'யிட்' என்றும் தனிச் சொற்கள் இருந்தன. 13ஆம் நூற்றாண்டோடு அவை வழக்கொழிந்துவிட்டன.

அந்தப் பழைய மனப்பாங்கின் எச்சம் இன்றும் ஒலியில் கேட்கிறது. ஐதர், நைதர், வெதர், அதர் எல்லாவற்றின் கடைசியிலும் ஒரே 'தர்' இருக்கிறதல்லவா? இரண்டை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கும் பழைய விகுதி அது. இன்று 'ஆமா இல்லையா' என்ற பொருளில் வரும் வெதருக்கும் ஒரு காலத்தில் 'இரண்டில் எது?' என்பதுதான் பொருள்.

'பைவீக்லி' என்றால் வாரத்துக்கு இரண்டு முறையா, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையா?

அகராதியைப் பார்த்தால் இரண்டுமே இருக்கும். அதனால்தான் அந்தச் சொல்லைக் கூட்ட அறிவிப்பில் போடாதீர்கள் என்கிறேன். பாதிப் பேர் தவறான நாளில் வந்து நிற்பார்கள். 'ட்வைஸ் ஏ வீக்' அல்லது 'எவ்ரி டூ வீக்ஸ்' என்று எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்பதற்குப் பிரிட்டிஷ் வழக்கில் 'ஃபார்ட்நைட்லி' என்று ஒரு தெளிவான சொல் இருக்கிறது, அமெரிக்கர்கள் அதை அதிகம் பயன்படுத்துவதில்லை. 'பையானுவல்' பொதுவாக ஆண்டுக்கு இரண்டு முறை, 'பையெனியல்' இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. இரண்டு எழுத்து மாறினால் பதினெட்டு மாதம் தள்ளிப் போகும்.

இரண்டு பேருக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்பும்போது எப்படி விளிப்பது?

பெயர் தெரிந்தால் இரண்டு பெயரையும் போடுங்கள்: 'டியர் ரவி அண்ட் மாலா'. பிரிட்டிஷ் அலுவலகங்களில் 'டியர் போத்' என்றும் எழுதுவார்கள். தெரிந்தவர்களுக்குப் பரவாயில்லை, புதியவர்களுக்கு வேண்டாம். உள்ளே எழுதும்போது 'யூ' என்று மட்டும் போட்டால் ஒருவருக்கா இருவருக்கா என்று தெரியாது. ஆங்கில 'யூ'வுக்கு அந்த வித்தியாசம் இல்லை. 'போத் ஆஃப் யூ' என்று ஒரு இடத்திலாவது எழுதிவிட்டால், மற்றவர் பதில் போடுவார் என்று இருவரும் சும்மா இருக்க மாட்டார்கள். 'யூ டூ' என்பது நண்பர்களுக்கு, தம்பி தங்கைகளுக்கு. மேலதிகாரிகள் இருவரைப் பார்த்து அப்படி எழுத வேண்டாம்.